விசாரணை ஒரு பக்கம், தடை ஒரு பக்கம்

பிரிட்டிஷ் இந்தியாவில் ஒருவரை மனநோய்க் காப்பகத்தில் சேர்க்கும்போது கூடவே ஒரு விவரத்தாளும் போகும். பெயர், வயது, சாதி, ஊர் என்று வரும் அந்தத் தாளில் நோய்க்கான காரணத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. தெருவில் அலைந்தவரைப் பிடித்துவந்த போலீஸ்காரருக்கு அவருடைய குடும்பமும் தெரியாது, முன்கதையும் தெரியாது. ஆனாலும் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். பலருக்கு 'கஞ்சா' என்று எழுதிவிட்டார்கள். இந்தத் தாள்களைக் கூட்டித்தான் காப்பகங்களின் ஆண்டறிக்கைகள் தயாராயின. அந்த அறிக்கைகளின் வழியாகத்தான், கஞ்சா இந்தியர்களைப் பைத்தியமாக்குகிறது என்ற பேச்சு லண்டன் வரை போனது.

1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இது கேள்வியாக எழுந்தபோது இந்திய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. தலைவர் மேக்வொர்த் யங். ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர். 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கி, 3,000 பக்கங்களைத் தாண்டும் அறிக்கையை ஏழு தொகுதிகளாக 1894இல் அளித்தார்கள். நம் ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் கஞ்சா பயிரிட்டதும் அதில் பதிவாகியிருக்கிறது.

ஆணையம் செய்த வேலைகளில் முக்கியமானது அந்தக் கட்டத்தைச் சரிபார்த்ததுதான். 1892இல் காப்பகங்களில் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் கஞ்சாவே காரணம் என்று ஏட்டில் இருந்தது. ஒவ்வொருவரின் ஊருக்கும் விசாரணை போனது. உறவினர்களைக் கேட்டார்கள், பரம்பரை நோய் உண்டா என்று பார்த்தார்கள், அந்த ஆள் உண்மையில் கஞ்சா புகைத்தவர்தானா என்று விசாரித்தார்கள். 222 என்பது 98 ஆகக் குறைந்தது. அதிலும் கஞ்சா மட்டுமே காரணம் என்று சொல்லக்கூடியவர்கள் 61 பேர்.

அளவோடு பயன்படுத்துவோருக்குப் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு உண்டு என்பது ஆணையத்தின் முடிவு. முழுத்தடை தேவையற்றது, நடைமுறைக்கும் ஒவ்வாதது, தடுத்தால் மக்கள் இதைவிட மோசமானவற்றுக்குத் திரும்புவார்கள் என்றும் எச்சரித்தது. வரி, உரிமம், கடைகளின் எண்ணிக்கையில் கட்டுப்பாடு ஆகியவற்றையே பரிந்துரைத்தது. இந்த முடிவை ஏற்காமல் மாற்றுக் குறிப்பு எழுதிய இருவரும் இந்திய உறுப்பினர்கள்: சசி சேகரேஸ்வர ராய், லாலா நிகால் சந்த். வெள்ளைக்காரன் தடுத்தான், இந்தியன் புகைத்தான் என்று இன்று எளிமையாகச் சொல்லப்படும் கதையில் இவர்களுக்கு இடமில்லை. கஞ்சா வரியால் அரசுக்கு வருமானம் இருந்ததையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் வருமான ஆசை மட்டுமே பேசியிருந்தால் 222 பேரின் ஊர் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு விரிவாக விசாரித்த நாட்டில் 1985இல் கஞ்சாவுக்குக் கடுந்தண்டனையோடு முழுத்தடை வந்தது. இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில் அந்த அறிக்கையைப் பொய்யாக்கும் கண்டுபிடிப்பு எதுவும் தடைக்குக் காரணமாக இருக்கவில்லை. கஞ்சா விவாதத்தில் இரண்டு கேள்விகள் எப்போதும் ஒன்றோடொன்று குழம்பிக்கொள்கின்றன. ஏன் தடை செய்தார்கள் என்பது ஒன்று. இப்போது என்ன செய்வது என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. அது பெரும்பாலும் அநீதியின் வரலாறு. அதனாலேயே செடி தீங்கற்றது என்று ஆகிவிடாது. இரண்டாவதற்கு இன்றைய மருத்துவமும் இன்றைய நீதிமன்றங்களும்தான் விடை சொல்ல வேண்டும்.

கஞ்சாவுக்கு எதிரான தொடக்ககாலச் சட்டங்களில் ஒன்று நம்மவர்களைக் குறிவைத்தே எழுதப்பட்டது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களில் தமிழர்கள் மிகுதி. 1870இல் நேட்டால் அரசு கொண்டுவந்த கூலிச் சட்டம், கூலிகள் கஞ்சா புகைப்பதையும் வைத்திருப்பதையும் அவர்களுக்கு விற்பதையும் கொடுப்பதையும் தடுத்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு வேலை கெடக் கூடாது என்பதே கவலை. தடை கூலிகளுக்குத்தான். ஜமைக்காவிலும் இந்தியக் கூலிகளோடு போன கஞ்சாவுக்கு 1913இல் சட்டத்தடை வந்தது. 'கஞ்சா' என்ற பெயரே அந்தத் தீவின் பேச்சில் இன்றுவரை புழங்குகிறது.

உலக அளவிலான தடைக்கு விதை விழுந்தது 1925இல், ஜெனீவா அபின் மாநாட்டில். கூட்டத்தின் பொருள் அபினும் கோகெயினும். எகிப்தின் பிரதிநிதி எல் கிந்தி எழுந்து, தம் நாட்டு மனநோயாளிகளில் 30 முதல் 60 விழுக்காட்டினருக்குக் கஞ்சாப் பிசினான ஹஷீஷ்தான் காரணம் என்றார். அந்த எண்ணிக்கைகளுக்குப் பின்னணியில் இருந்தவை கெய்ரோவின் அப்பாசியா காப்பகத்தை நடத்திய பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் வார்னாக்கின் கணக்குகள். இந்தியாவில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சரிபார்த்து ஒதுக்கப்பட்ட வகைக் கணக்கு அங்கே சரிபார்க்கப்படாமலே சர்வதேச ஒப்பந்தத்துக்குள் நுழைந்தது. இந்தியாவின் சமூக, சமய வழக்கங்களைச் சொல்லி இந்தியத் தரப்பு தயக்கம் காட்டியதால் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டோடு அப்போது நின்றது.

அமெரிக்கக் கதை பலருக்கும் தெரியும், பாதி தவறாகவும் தெரியும். காகிதத் தொழிலைக் காப்பாற்றப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டும், நைலானைக் காப்பாற்ற டூபான்ட் நிறுவனமும் கூட்டுச்சதி செய்து கஞ்சாவை ஒழித்தார்கள் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இதற்கு ஆதாரம் மெலிது. நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் சதி தேவையும் இல்லை. மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளிகள் மீதான வெறுப்பு எல்லை மாநிலங்களில் ஏற்கெனவே கஞ்சாத் தடைகளைக் கொண்டுவந்திருந்தது. 1930இல் உருவான மத்தியப் போதைப்பொருள் துறைக்கு 1962 வரை ஹாரி ஆன்ஸ்லிங்கர் தலைவர். கொலை, வன்புணர்ச்சி, வெறி என்று பரபரப்புச் செய்திகளைச் சேர்த்துவைத்து நாடாளுமன்றத்தில் அவர் அடுக்கினார். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வந்த வில்லியம் உட்வர்ட், இதற்கெல்லாம் முதல்நிலைச் சான்று எங்கே என்று கேட்டார். அவரைத்தான் உறுப்பினர்கள் கண்டித்தார்கள். 1937 ஆகஸ்டில் கஞ்சா வரிச்சட்டம் கையெழுத்தானது. பெயரில் வரி, செயலில் தடை.

அதன் பிறகும் விசாரித்தார்கள். நியூயார்க் மேயர் லா குவார்டியா அமைத்த குழு, கஞ்சாவுக்கும் பெருங்குற்றங்களுக்கும் தொடர்பில்லை என்று 1944இல் சொன்னது. பிரிட்டனில் வூட்டன் குழு தண்டனையைக் குறைக்கச் சொன்னது, 1969இல் உள்துறை அமைச்சர் கேலகன் ஏற்க மறுத்தார். அமெரிக்காவில் அதிபர் நிக்சனே நியமித்த ஷேஃபர் ஆணையம், சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருப்பதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம் என்று 1972இல் எழுதியது, நிக்சன் அதை ஒதுக்கினார். நான்கு விசாரணைகள், மூன்று நாடுகள். பதில்கள் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தன. ஒன்றுகூடத் தடையின் போக்கை மாற்றவில்லை. தீங்கு எவ்வளவு என்று அளந்து பார்த்துத் தடை முடிவானதில்லை, யார் கையில் அது இருந்தது என்பதே முடிவானது என்று நான் நினைப்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. கூலி, மெக்சிகோக்காரர், கறுப்பினத்தவர், போரை எதிர்த்த மாணவர் என்று ஆட்கள் மாறினார்கள். பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லாதபோதும் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் கஞ்சாவுக்காகக் கைதாகும் வாய்ப்பு அமெரிக்காவில் 3.6 மடங்கு அதிகம் என்று அங்குள்ள குடிமை உரிமைகள் சங்கம் 2020இல் காட்டியது.

இந்தியாவுக்கு வருவோம். ராஜாஜி ஆட்சி 1937இல் சேலத்திலிருந்து தொடங்கிய சென்னை மதுவிலக்குச் சட்டம் கள், சாராயத்தோடு போதைப் பொருட்களையும் தன் வரம்புக்குள் கொண்டது. அரசியலமைப்பின் 47ஆவது பிரிவும் மதுவையும் உடல்நலத்துக்குக் கேடான போதைப் பொருட்களையும் ஒரே வரியில்தான் வைக்கிறது. பிறகு மதுவுக்கு ஒரு பாதை, கஞ்சாவுக்கு ஒரு பாதை என்றானது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயினுடன் மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. மரபாகப் பயன்படுத்தும் நாடுகளுக்கு 25 ஆண்டு கெடு. இந்தியாவின் முயற்சியால் இலைக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. கஞ்சா இலையில் செய்யும் பாங்கை விற்க அரசு உரிமம் பெற்ற கடைகள் வட இந்தியாவில் இன்றும் திறந்திருப்பது அதனால்தான். கெடு 1989 டிசம்பரில் முடியவிருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆப்கன் போரின் பக்கவிளைவாக 'பிரவுன் சுகர்' ஹெராயின் இந்திய நகரங்களுக்குள் வந்து சேர்ந்தது. 1985இல் ராஜீவ் காந்தி அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைச் சில வாரங்களில் நிறைவேற்றியது. அமெரிக்கா தந்த நெருக்கடிதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். நெருக்கடி இருந்திருக்கலாம், ஆனால் ஒப்பந்தக் கெடுவும் ஹெராயின் அச்சமும் சேர்ந்தே போதுமான விளக்கம் தருகின்றன. ஹெராயினைக் கண்டு பயந்து எழுதிய சட்டத்துக்குள் கஞ்சாவும் மாட்டிக்கொண்டது.

புலனுணர்வையும் எண்ணத்தையும் மாற்றும் சைக்கடெலிக் பொருட்கள் தடைக்குள் வந்த பாதை வேறு. ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் உருவாக்கிய எல்.எஸ்.டி.யை 1943இல் அவரே உட்கொண்டபோது அதன் விளைவு தெரியவந்தது. ஐம்பதுகளில் அது மருத்துவமனைக்குள் இருந்த பொருள். கனடாவின் சஸ்காட்செவனில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் குடிநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1962இல், தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த கொடுமைக்குப் பின், அமெரிக்காவில் மருந்துச் சோதனை விதிகள் இறுகின. எல்.எஸ்.டி. ஆய்வு தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஹார்வர்டு நீக்கிய டிமதி லியரி அதை இளைஞர் இயக்கமாக்கினார், வியட்நாம் போர் எதிர்ப்போடு அது பின்னிக்கொண்டது. 1971ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் கதவைச் சாத்தியது.

தடையை மட்டுமே குற்றவாளியாக்கும் எழுத்துகள் மெக்சிகோவின் மரியா சபீனாவை மறந்துவிடுகின்றன. மலைக்கிராமமான ஊவாட்லாவில் நோயாளிகளுக்காகக் காளான் சடங்கு நடத்திய மசாடெக் இனத்துப் பெண் அவர். 1957இல் 'லைஃப்' இதழில் கார்டன் வாசன் அந்தச் சடங்கைப் பற்றி எழுதிய பிறகு வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். போலீசும் பின்னாலேயே வந்தது. ஊரார் அவரைக் குற்றம் சாட்டினார்கள், அவர் வீடு எரிக்கப்பட்டது. கட்டுப்பாடும் மரபும் உள்ள ஒரு பயன்பாட்டைத் தடையும் குலைக்கும், கட்டற்ற ஆர்வமும் குலைக்கும்.

இன்று ஆய்வு மீண்டும் தொடங்கியிருக்கிறது. மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 233 பேரிடம், இவ்வகைக் காளானில் உள்ள சைலோசைபினைக் கொடுத்து நடந்த சோதனை 2022இல் வெளியானது. 25 மில்லிகிராம் ஒருமுறை பெற்றவர்களுக்கு மூன்றாம் வாரத்தில் நல்ல முன்னேற்றம், பன்னிரண்டாம் வாரத்துக்குள் அது மங்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து மனநல மருத்துவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க அனுமதி தந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எம்.டி.எம்.ஏ. என்ற மற்றொரு போதைப் பொருளைக் கொண்ட சிகிச்சைக்கு அனுமதி மறுத்தது. இந்தச் சோதனைகளில் ஒரு தீராத சிக்கல் உண்டு: உண்மையான மருந்து தனக்குக் கிடைத்ததா என்று நோயாளிக்கே தெரிந்துவிடும். நம்பிக்கை வேலை செய்ததா, மருந்து வேலை செய்ததா என்று பிரிப்பது கடினம். அதிசய மருந்து என்ற ஆரவாரத்தை நம்ப நான் தயாரில்லை. ஆய்வே வேண்டாம் என்பதையும் ஏற்க முடியாது.

கொடைக்கானலுக்குக் காளான் தேடி வரும் இளைஞர்களும் அவர்களைப் பிடிக்கும் போலீசும் நமக்குப் பழகிய செய்தி. சைலோசைபின் நம் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அது இருக்கும் காளான் பட்டியலில் இருக்கிறதா? 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம், காளான் இயற்கையாக முளைக்கும் பூஞ்சை, பட்டியலிட்ட பொருளும் அல்ல, கலவையும் அல்ல என்றது. எடை பார்த்துத் தண்டிக்கும் சட்டத்தில் எதை எடைபோடுவது என்பதே இன்னும் தெளிவாகவில்லை.

கஞ்சாவுக்குத் திரும்புவோம். இனி மருத்துவம். 1894 அறிக்கையை இன்று அப்படியே தூக்கிப் பிடிப்பவர்கள் அதற்குப் பின் தெரியவந்ததை மறைக்கிறார்கள். 45,570 ஸ்வீடன் ராணுவச் சேர்க்கையாளர்களைத் தொடர்ந்து கவனித்த 1987ஆம் ஆண்டு ஆய்வில், ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்குச் சிதைமனநோய் வாய்ப்பு ஆறு மடங்கு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாகப் பதினொரு இடங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வீரியமிக்க கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. இவை தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை முழுதாக நிறுவுவதில்லை. ஆனாலும் பதினைந்து வயதுப் பையன் பள்ளிக்குப் பின்னால் தினமும் புகைப்பது விளையாட்டல்ல. அவனுடைய தாய் போலீசை அழைப்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் நிற்பதும் கற்பனையல்ல. மறுபக்கம், நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டல் ஆகியவற்றுக்குக் கஞ்சா உதவுவதற்கு நல்ல சான்று உண்டு. சித்த மருத்துவம் அதைச் சுத்திசெய்து மருந்தில் சேர்த்துவந்திருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது வாக்கு 27க்கு 25. ஆதரவு வாக்களித்தவர்களில் இந்தியாவும் ஒன்று. இந்தியச் சட்டம் மாறவில்லை.

நம் நாளிதழ்களைப் பாருங்கள். வெட்டுக்குத்து என்றால் 'கஞ்சா போதையில்' என்று தலைப்பு வந்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனை நடந்ததா, மதுவும் குடித்திருந்தார்களா, முன்பகை என்ன என்ற கேள்விகள் பெரும்பாலும் செய்தியில் இல்லை. காப்பகத் தாளின் கட்டத்தை இப்போது துணை ஆசிரியர்கள் நிரப்புகிறார்கள்.

எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 3.1 கோடி, அதிலும் பெரும்பகுதி சட்டம் தொடாத பாங். உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கலில் இருப்போர் மதுவில் 5.7 கோடி, கஞ்சாவில் 72 லட்சம். தமிழ்நாட்டில் மதுவை விற்பது அரசு நிறுவனமான டாஸ்மாக், ஆண்டு வருமானம் 40,000 கோடி ரூபாய்க்கு மேல். கஞ்சாவை விற்க வேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அரசு ஒரு போதையிலிருந்து வருமானம் எடுத்துக்கொண்டு, அதைவிடக் குறைவான பேரைப் பாதிக்கும் மற்றொன்றுக்காக ஏழை இளைஞனைச் சிறைக்கு அனுப்புவதை நியாயப்படுத்த முடியாது என்பதற்காக எழுதுகிறேன்.

1985ஆம் ஆண்டின் சட்டம் எப்படி வேலை செய்கிறது? கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு. இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை. வணிக அளவு என்றால் 37ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்: குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நீதிபதி நம்பக் காரணம் இருந்தால்தான் ஜாமீன். ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலில் பை தூக்கி வரும் கூலிக்கு இருபத்தொரு கிலோ போதும். சரக்கின் சொந்தக்காரர் ரயிலில் வருவதில்லை. சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனி மட்டுமே, நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. பறிமுதல் பையில் எல்லாம் கலந்தே கிடக்கும், தராசில் சில நூறு கிராம் கூடினால் ஓராண்டு பத்தாண்டாக மாறும். இதற்கு மேல் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு குண்டர் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க இடம் தருகிறது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் தந்த வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்கும் வழக்கம், சென்னையில் தொடங்கிய தூஃபான் சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தடுக்கும்வரை நீடித்தது.

2021 இறுதியில் தமிழ்நாட்டுப் போலீஸ் தொடங்கிய 'கஞ்சா வேட்டை' பல கட்டங்கள் கண்டுவிட்டது. ராமேஸ்வரம், வேதாரண்யம் கரைகளிலிருந்து இலங்கைக்குச் சரக்கு போவது நிற்கவில்லை. அங்கே அதற்குக் 'கேரளக் கஞ்சா' என்று பெயர். இதற்கிடையில் வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் நகரங்களின் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. ஊசியும் அதனால் வரும் தொற்றும் கஞ்சாவைவிடப் பல மடங்கு ஆபத்து.

அப்படியானால் திறந்துவிடுவதா? தாய்லாந்து 2022 ஜூனில் சரியான விதிகள் இல்லாமல் திறந்தது, தெருவெல்லாம் கடை முளைத்தது, 2025இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது. எல்லாப் போதைப் பொருளையும் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பதைக் குற்றமற்றதாக்கிய ஒரேகான் மாநிலம், சிகிச்சை வசதி கூடவே வளராததால் 2024இல் மறுபடி குற்றமாக்கியது. 2001 ஜூலையிலிருந்து நடக்கும் போர்த்துகல் முறைதான் நிலைத்திருக்கிறது. அங்கே விற்பது இன்றும் குற்றம். சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக, மருத்துவரோ சமூகப் பணியாளரோ இருக்கும் ஒரு சிறு குழுவின் முன் போகிறார். தேவையென்றால் சிகிச்சை.

நமக்கு ஏற்றது இதுதான் என்பது என் முடிவு. கடைவீதியில் கஞ்சா வேண்டாம், பெருநிறுவனங்கள் கையிலும் வேண்டாம். பயன்படுத்துபவருக்குச் சிறையும் வேண்டாம். இதற்காக உலக ஒப்பந்தங்களை மீற வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தமே சொந்தப் பயன்பாட்டு வழக்குகளில் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சையை அனுமதிக்கிறது. நம் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெறுபவரை வழக்கிலிருந்து விடுவிக்க ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. கஞ்சா பயன்படுத்தியதற்கு ஆறு மாதம் வரை சிறை என்று சொல்லும் 27ஆவது பிரிவை நீக்கி, 64ஏ பிரிவை முதல் படியாக மாற்ற நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் இளைஞர்களுக்கென்று போதை மீட்புப் பிரிவு வைப்பது மாநில அரசின் கையில் இருக்கிறது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.